சிங்கப்பூரில் பழைய கடை, பழைய வீடு, பழைய தெரு: தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தாத்தா தேக்காவில் கடை வைத்திருந்தாராம்." கையில் இந்த ஒரு வரி மட்டும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன் (தேக்கா என்பது இன்றைய லிட்டில் இந்தியா வட்டாரம்). என் பெரியப்பாவின் கடை எங்கே இருந்தது, யாரிடமிருந்து வாங்கினார், ஏன் மூடினார் என்று தேடியதில் எனக்கு ஏற்பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. எதை முதலில் செய்வது, எங்கே எதை எடுத்துக்கொண்டு போவது, எதற்குப் பணம் கட்டுவது என்று வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பெயரைத் துரத்துவதைவிட முகவரியைத் துரத்துங்கள். நம் பெயர்களைப் பழைய ஆங்கிலப் பதிவுகளில் கிராணிகள் (எழுத்தர்கள்) காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒரே மனிதர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பார். தெருப் பெயரும் கதவு எண்ணும் அவ்வளவு சீக்கிரம் உருமாறுவதில்லை. மாறினாலும் எப்போது மாறின என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இடம், ஏறக்குறைய எந்தப் பத்தாண்டு, யார். "சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை, 1950களின் கடைசி, அப்பாவின் அண்ணன்." இவ்வளவு போதும். "எங்கள் குடும்ப வரலாறு" என்று போய் நின்றால் எந்த நூலகராலும் உதவ முடியாது. சீட்டைக் காட்டினால் அவரே எழுந்து வந்து எந்த அலமாரி என்று காட்டுவார்.

2. வீட்டு அலமாரியிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் படிக்குச் செலவு கிடையாது. ஆனால் அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். தேட வேண்டியவை: பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்கள், பழைய அடையாள அட்டை, கடப்பிதழ், குடியுரிமைச் சான்றிதழ், வாடகை ரசீது, கடைப் பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சாவி வாங்கியபோது கொடுத்த கடிதம், கம்பத்து (கிராமத்து) வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம். கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முழு முகவரியும் அஞ்சல் முத்திரையில் தேதியும் உறையில்தான் இருக்கும்.

தேதி போடாத காகிதம் நிறைய வரும். பரவாயில்லை, அதற்கும் வழி உண்டு.

முகவரியின் கடைசியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். "சிங்கப்பூர் 8" என்று ஓரிலக்கமோ ஈரிலக்கமோ இருந்தால் அது 1950இல் வந்த பழைய அஞ்சல் வட்டார முறை. "சிங்கப்பூர் 0820" மாதிரி நான்கு இலக்கம் என்றால் 1979க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கம் 1995 செப்டம்பரில் வந்தது. தேக்கா வட்டாரத்துக்கு இப்போது 20, 21 என்று தொடங்குகிறதே, அதே வட்டாரம்தான் அந்தப் பழைய 8.

தொலைபேசி எண்ணும் காட்டிக்கொடுக்கும். எட்டு இலக்கமாக 6இல் தொடங்கினால் 2002 மார்ச்சுக்குப் பிறகு அச்சடித்த பில். ஏழு இலக்கம் அதற்கு முந்தியது, ஐந்தும் ஆறும் இன்னும் பழையவை. கடைக்காரர்கள் பழைய பில் புத்தகம் தீரும்வரை அதையேதான் எழுதுவார்கள். அதனால் ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சான்றிதழில் 2603 என்று ஆண்டு போட்டிருந்தால் எழுத்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியர் காலத்துக் காகிதம் அது. அவர்களுடைய பேரரசு ஆண்டிலிருந்து 660ஐக் கழித்தால் 1943 வரும். 2602 முதல் 2605 வரை இப்படிப் பார்க்கலாம். சிலவற்றில் ஷோவா ஆண்டு இருக்கும், அதோடு 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942. ஊரின் பெயரும் அப்போது சியோனான். தேடும்போது இந்தப் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

கிடைத்ததையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, காகிதத்தை இருந்தபடியே வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் செய்வது இதுதான். சூட்டில் பழைய மை போய்விடும், பிறகு பிரிக்கவும் முடியாது.

3. பெரியவரிடம் உட்காருங்கள்

காப்பகம் எங்கேயும் போய்விடாது, பெரியவர் அப்படியில்லை. உங்கள் பட்டியலில் எழுபத்தைந்தைத் தாண்டியவர் இருந்தால் இந்தப் படியை இரண்டாவதாகவே செய்யுங்கள், முதலாவதாகச் செய்தாலும் சரி.

காலையில் பசியாறிய பிறகு போங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் அவருக்கும் களைப்பு, உங்களுக்கும் கவனம் சிதறும். ஒலிப்பதிவு செய்யப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிற்பாடு எங்காவது வெளியிட எண்ணம் இருந்தால், தமிழில் நாலு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. "என்னிடம் போய்க் கையெழுத்தா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாளைக்கு அவருடைய பிள்ளைகள் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

"அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார்கள். பொருளைப் பிடித்துக் கேளுங்கள். கடைக்கு முன்னால் அஞ்சடியில் (கடைவீட்டு வாசலை ஒட்டிய கூரையிட்ட நடைபாதை) யார் உட்கார்ந்திருப்பார்? அரிசி மூட்டை எந்தப் பக்கம் அடுக்கியிருக்கும்? மாடியில் எத்தனை பேர் படுப்பார்கள், பாயை எங்கே சுருட்டி வைப்பார்கள்? கடன் நோட்டு யார் கையில்? நான் கேட்ட பெரியவர் ஒருவர் கடைப் பெயரை மறந்துவிட்டார். ஆனால் வாசலில் இருந்த வெற்றிலைக்காரர் எந்தத் தூணில் சாய்ந்திருப்பார் என்று சொன்னார். அந்தத் தூண் மூலைக் கடையின் தூண். கடை எது என்று அதிலேயே முடிவாகிவிட்டது.

ஆண்டைக் கேட்காதீர்கள். ஊருக்கே நினைவிருக்கும் நாளோடு முடிச்சுப் போடுங்கள். புக்கிட் ஹோ சுவீ தீக்கு முன்பா பின்பா (1961 மே), தொலைக்காட்சி வந்துவிட்டதா (1963 பிப்ரவரி), கலவரத்துக்கு ஊரடங்கு போட்டபோது கடை திறந்திருந்ததா (1964 ஜூலை), சிராங்கூன் ரோட்டில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இடிந்து விழுந்தபோது எங்கே இருந்தீர்கள் (1986 மார்ச்). கப்பலில் வந்தவர் என்றால் ரஜூலாவா, சிதம்பரமா என்று கேளுங்கள். ரஜூலா 1973 வரை ஓடியது, சிதம்பரம் அதற்குப் பிறகு வந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "மார்க்கெட்டுக்கு எதிர்த்தாற்போல" என்பார்கள். எந்த மார்க்கெட்? இப்போதைய தேக்கா நிலையம் 1980களின் தொடக்கத்தில் வந்தது. பழைய மார்க்கெட் சிராங்கூன் ரோட்டின் மறுபக்கம், இப்போது தேக்கா பிளேஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. ஆக, 1970ஐப் பற்றிப் பேசுபவரின் "எதிர்ப்பக்கம்" உங்களுக்கு "இந்தப் பக்கம்". உடனே அங்கேயே ஒரு தாளில் படம் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

4. முகவரியை உறுதி செய்யுங்கள்

இப்போது கையில் ஒரு தெரு இருக்கிறது, ஒருவேளை ஒரு எண்ணும். அது இன்றைய வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய தெரு வழிகாட்டிப் புத்தகங்கள் 1950கள் முதல் கிடைக்கின்றன. பலவற்றை மின்வடிவில் இணையத்திலேயே பார்க்கலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. இன்றைய வரைபடத்தின் மேல் பழையதை ஒட்டிவைத்துப் பார்க்க முடியும். இரண்டும் இலவசம். ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில. நம்மவர்கள் பேச்சில் வைத்த பெயர் வேறு, பலகையில் இருந்த பெயர் வேறு. செட்டித்தெரு என்றால் மார்க்கெட் ஸ்திரீட். செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித்தொழில் நடத்திய இடங்கள்) இருந்த இடம். சுண்ணாம்புக் கம்பம் என்று பழையவர்கள் சொன்னால் சிராங்கூன் ரோட்டு வட்டாரம். தெருப் பெயர்களும் மாறியிருக்கின்றன. இன்றைய சூலியா ஸ்திரீட் முன்பு கிளிங் ஸ்திரீட். அந்தச் சொல் இன்று இழிசொல், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களில் தமிழரைக் குறிக்க அதைத்தான் எழுதியிருப்பார்கள் என்பதால் தேடல் பெட்டியில் அதையும் போட வேண்டியிருக்கும்.

ஊருக்கு வெளியே இருந்தவர்களின் முகவரியில் எண்ணுக்குப் பதிலாக "ஏழரை எம்.எஸ்., அப்பர் சிராங்கூன் ரோடு" என்று இருக்கும். எம்.எஸ். என்றால் மைல்கல். ஆற்று முகத்தில் இருந்த பெரிய தபால் நிலையத்திலிருந்து, அதாவது ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலிருந்து எண்ணுவார்கள். வரைபடத்தில் சாலை நெடுக அளந்தால் ஏறக்குறைய எந்தக் கம்பம் என்று தெரிந்துவிடும். சாலையை நேராக்கிய இடங்களில் கொஞ்சம் பிசகும்.

கடைவீடு இன்னும் நிற்கிறதா என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பற்றிய தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவை 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே கட்டடம் நிற்க வாய்ப்பு அதிகம். ஆனால் கதவு எண் அதேதானா என்பதைத் தெரு வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை போட்டது போட்டதுதான், பிறகு திருத்தவே முடியாது.

5. செய்தித்தாள்

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான் இந்தத் தேடலின் முதுகெலும்பு. கட்டணம் இல்லை. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் இதழிலிருந்து இருக்கிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். அண்மைப் பத்தாண்டுகளின் இதழ்களுக்கு நூலகத்துக் கணினியில் உட்கார வேண்டும்.

ஆங்கிலத் தாள்களில் தேடும்போது முதலில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். 'ரோடு' என்பதை முழுதாக ஒரு முறை, சுருக்கி ஒரு முறை. கிடைப்பது பெரும்பாலும் வரி விளம்பரம், நீதிமன்றச் செய்தி, ஏல அறிவிப்பு, திருட்டுச் செய்தி. சலிப்படையாதீர்கள். சாதாரண மனிதர்கள் செய்தித்தாளில் வந்ததே இந்த வழிகளில்தான். கடையில் வேலைக்கு ஆள் தேவை என்ற மூன்று வரி விளம்பரத்தில் கடைப் பெயர், முகவரி, முதலாளி பெயர் மூன்றும் இருக்கும்.

அப்புறம்தான் பெயர். பிள்ளை என்பது ஆங்கில ஐ-யிலும் முடியும், ஒய்-யிலும் முடியும். முத்துவுக்கு ஒரு டி, இரண்டு டி, நடுவில் எச், யு-வுக்குப் பதில் இரட்டை ஓ. சாமியை ஒட்டியும் எழுதுவார்கள், பிரித்தும் எழுதுவார்கள், நடுவில் டபிள்யூவும் நுழையும். ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். தந்தை பெயர் சேர்ந்து வந்தால் மட்டும் நம் ஆள் என்று நம்புங்கள். அந்தக் காலத்து சிங்கப்பூரில் கோவிந்தசாமிகளுக்குப் பஞ்சமில்லை.

தமிழ் முரசில் வேறு முறை வேண்டும். சொல்லைப் போட்டுத் தேடுவதை நம்பி உட்காராமல் தேதி வழியாகப் போங்கள். இரண்டாம், மூன்றாம் படிகள் எதற்கென்று இப்போது தெரியும். இறந்த தேதி தெரிந்தால் அடுத்த சில நாள்களின் மரண அறிவித்தல்கள், ஓராண்டு கழித்து நினைவஞ்சலி. தீபாவளி, பொங்கல் இதழ்களின் வாழ்த்து விளம்பரங்களை எப்போதும் பாருங்கள். சின்னக் கடைக்காரர்கூட வருடத்தில் ஒரு முறை அங்கே தன் பெயரைப் போட்டிருப்பார், முகவரியோடு. பெரியவர் ஏதாவது படம் பார்த்துவிட்டு வந்த நாளைச் சொன்னால், அந்தப் படத்தின் விளம்பரம் ஓடிய வாரத்தைத் தேடி ஆண்டை உறுதிசெய்யலாம்.

கண்டெடுத்த ஒவ்வொன்றுக்கும் தாளின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் உடனே எழுதி வையுங்கள். படம் மட்டும் எடுத்து வைத்தால் மறு வாரம் எந்தத் தாள் என்று உங்களுக்கே தெரியாது.

6. நேரில் நூலகம்

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகம், பூகிஸ் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம். லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் 11ஆம் தளத்தில் சிங்கப்பூர், தென்கிழக்காசியா பற்றியவை இருக்கின்றன. நுழைவு இலவசம். பொது விடுமுறை நாள்களில் மூடியிருக்கும். எதையும் இரவல் வாங்கிக்கொண்டு வர முடியாது, அங்கேயே படிக்க வேண்டும். அதனால் அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். குளிர்ச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

இங்கே கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பழைய வணிக வழிகாட்டிகள். நிறுவனம், தெரு என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். சிலவற்றை நூலக வாரியத்தின் மின்னூல் தளத்திலும் படிக்கலாம். இன்னொன்று, அரசிதழ். கம்பத்து நிலத்தை அரசாங்கம் எடுத்தபோது மனை எண்ணோடு அறிவிப்பு வந்திருக்கும். 1966இல் நிலம் எடுப்புச் சட்டம் வந்த பிறகு இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஏராளம்.

போகும் முன் நூலகரிடம் மின்னஞ்சலில் கேள்வி அனுப்பலாம், அதற்கும் கட்டணம் இல்லை. முதல் படியில் எழுதிய சீட்டை அப்படியே அனுப்புங்கள்.

7. ஆவணக் காப்பகம்

கேனிங் ரைஸ் 1ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம். போவதற்கு முன் அதன் இணையத்தளத்தில் தேடி, வேண்டியவற்றின் பதிவு எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எண் இல்லாமல் போனால் அங்கேயும் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து இதே தேடலைத்தான் செய்வீர்கள். வேலை நாளில் போவது பாதுகாப்பு.

கட்டட வரைபடங்கள்: 1884 முதல் இருக்கின்றன. கடைவீட்டைக் கட்டவோ மாற்றவோ நகராட்சியிடம் கொடுத்த வரைபடம், மனை எண்ணோடும் உரிமையாளர் பெயரோடும். அதில் உங்கள் தாத்தா பெயர் இல்லையென்றால் மனம் உடைய வேண்டாம். கடை நடத்தியவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள், அதிலும் உள்வாடகைக்காரர்கள். ஒரே கதவு எண்ணில் முன்னால் ஒரு கடை, அஞ்சடியில் ஒட்டுக்கடை, மாடியில் நாலு குடும்பம் என்று இருந்திருப்பார்கள். வரைபடத்தில் பார்க்க வேண்டியது இடம்: மாடிப்படி எங்கே, காற்றுவெளி எங்கே, அடுப்படி எங்கே. பெரியவர் சொன்னது அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சில வரைபடங்களுக்கு நகல் எடுக்க உரிமையாளரோ, ஆவணத்தைக் கொடுத்த அமைப்போ அனுமதி தர வேண்டும்.

வாய்மொழி வரலாறு: 1979 முதல் பதிவு செய்துவருகிறார்கள், தமிழிலும் பேட்டிகள் உண்டு. பல பேட்டிகளை வீட்டிலிருந்தே கேட்கலாம். உங்கள் குடும்பத்தினர் யாரும் பேட்டி கொடுத்திருக்க மாட்டார்கள், அதனால் என்ன? அதே தெருவில், அதே தொழிலில் இருந்தவர் கொடுத்திருப்பார். தெருப் பெயரையும் தொழிலையும் போட்டுத் தேடுங்கள். பேட்டி ஒலிச்சுருள் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் உண்டு. அதைப் படித்துவிட்டு வேண்டிய சுருளை மட்டும் கேட்டால் பல மணி நேரம் மிச்சம். சில பேட்டிகளுக்கு எழுத்துமூலம் அனுமதி கேட்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

புகைப்படங்களைத் தேடும்போதும் தெருப் பெயர்தான் கைகொடுக்கும். தலைப்பில் தெரு பெயர் தப்பாக இருப்பதும் உண்டு. பின்னணியில் உள்ள கோயில் கோபுரம், கடைப் பலகை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

8. பிறப்பு, இறப்பு, நிறுவனம்

பிறப்பு, இறப்புப் பதிவின் சாற்றுநகலுக்குக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குச் சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளக் கணக்கு) வேண்டும். முழுப் பெயர், தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இது கட்டணச் சேவை. தேடிக் கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். ஆகவே செய்தித்தாளில் மரண அறிவித்தலைக் கண்டுபிடித்துத் தேதியை உறுதி செய்த பிறகு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். 2022 மே 29 முதல் புதுச் சான்றிதழ்கள் மின்வடிவில் வருகின்றன. பழையதைப் படிக்க அதனால் பயன் இல்லை. வீட்டில் மூலச் சான்றிதழ் இருந்தால் அதைப் பாதுகாப்பாக வையுங்கள்.

"சிங்கப்பூரில் பிறந்தவர்" என்று வீட்டில் சொல்வார்கள், தேடினால் ஜொகூரில் பிறந்திருப்பார். அக்கரையில் பிறந்தவர்களின் பதிவு மலேசியத் தேசியப் பதிவுத் துறையிடம்தான். இங்கே கட்டணம் கட்டித் தேடி வெறுங்கையோடு திரும்புபவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கல்லறை தேடுபவர்களுக்கு: பிடாடாரி இடுகாடு 1972இல் மூடப்பட்டது, 2000களில் சமாதிகள் தோண்டி எடுக்கப்பட்டன. அங்கே போய் நிற்பதில் பயனில்லை. சுவா சூ காங் இடுகாட்டுப் பதிவுகளைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் தேடலாம். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லே இருக்காது, மரண அறிவித்தலே கதி.

நிறுவனப் பதிவுக்கு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளம். வணிக விவரக் குறிப்பு ஒன்றுக்கு 5 வெள்ளி 50 காசு. பெயரைத் தேடிப் பார்ப்பது இலவசம். 1950களில் மூடிய பெட்டிக்கடை அதில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

9. கோயில், பள்ளி, சங்கம்

குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், சங்கத்தின் வெள்ளிவிழா மலர் ஆகியவை வேறெங்கும் கிடைக்காத பெயர்களைக் கொடுக்கும்: நன்கொடையாளர் பட்டியல், விளம்பரங்கள், வரிசையாக நிற்பவர்களின் குழுப்படம். சிலவற்றை நூலகத்திலேயே பார்க்கலாம் என்பதால் முதலில் அங்கே தேடுங்கள். நேரில் போவதானால் திருவிழாக் காலத்தைத் தவிருங்கள், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் போய் "பழைய மலர் இருக்கா?" என்றால் யார் பதில் சொல்வார்கள்? ஓர் இடத்தில் என்னை மாதக்கணக்கில் "அடுத்த வாரம் வாங்க" என்றே சொல்லி அனுப்பினார்கள். பிறகு வேறொரு செயற்குழு உறுப்பினரிடம், என்ன வேண்டும், எந்த ஆண்டு, எதற்கு என்று தமிழில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். பீரோவைத் திறந்துவிட்டார். வாயால் கேட்பதைவிடக் கடிதம் வேலை செய்கிறது.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றிப் போகலாம். அங்கே தகவலைவிடப் பொருள்களைப் பார்க்கத்தான் போக வேண்டும். பெரியவர் சொன்ன அளவைப் படி, மரக்கால், கல்லாப்பெட்டி எல்லாம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவற்றைப் பற்றி எழுத முடியாது.

10. காலக்கணக்கு, அனுமதி

வீட்டு அலமாரிக்கும் பெரியவருக்கும் ஒரு மாதம் கொடுங்கள். முகவரியும் செய்தித்தாளும் மாலை நேரங்களில் இன்னொரு மாதம். நூலகத்துக்கும் காப்பகத்துக்கும் விடுப்பு எடுக்க வேண்டிவரும், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளாதீர்கள். பணம் என்று பார்த்தால் சாற்றுநகல், வணிக விவரக் குறிப்பு, காப்பகப் படங்களின் நகல், அச்செடுப்பு, அவ்வளவுதான். தேடுவதில் மற்ற எல்லாம் இலவசம். பரம்பரை வரலாறு தேடித்தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகும் முன், மேலே உள்ளவற்றில் எதை அவர்கள் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

குடும்பத்துக்குள் பார்க்கப் படம் சேர்ப்பது வேறு, புத்தகமாகவோ இணையத்திலோ வெளியிடுவது வேறு. செய்தித்தாள் படம், காப்பகப் படம், வாய்மொழிப் பேட்டியின் பகுதி எதுவானாலும் வெளியிட உரிமையாளரின் அனுமதி வேண்டும், சிலவற்றுக்குக் கட்டணமும் உண்டு. விண்ணப்பத்தில் எந்தப் படம், பதிவு எண், எங்கே, எத்தனை பிரதி என்று கேட்பார்கள். ஐந்தாவது படியில் எழுதி வைத்த தேதியும் பக்கமும் இங்கே உதவும். அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பதில் வரும்வரை அந்தப் படத்துக்கு இடம் விட்டு, மற்றதை எழுதிக்கொண்டே போகலாம்.